கோத்தகிரியிலிருந்து கினபாத்தாங்கன் ஆற்றுக்கு: கிளம்பும் முன் பழகிக்கொண்டவை

கினபாத்தாங்கன் ஆற்றில் படகில் போய்க் காட்டுயிர் பார்த்துவிட்டு வந்ததிலிருந்து, கோத்தகிரியில் தெரிந்தவர்கள் பலர் "நாங்களும் போகணும், என்னென்ன எடுத்துட்டுப் போகணும்?" என்று கேட்கிறார்கள். சாமான் பட்டியலை ஒரு தாளில் எழுதிக் கொடுத்துவிடலாம். ஆனால் நான் அவர்களிடம் முதலில் சொல்வது வேறு. கிளம்புவதற்கு இரண்டு மாதம் முன்பே உடம்பையும் கண்ணையும் பழக்க ஆரம்பியுங்கள். அதற்கு வேண்டிய இடமெல்லாம் நீலகிரியிலேயே இருக்கிறது.

ஆற்றைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். மலேசியாவின் சபா மாநிலத்தில், போர்னியோ தீவின் கிழக்குப் பக்கம் ஓடுகிறது. நீளம் 560 கிலோமீட்டர். மலேசியாவில் சரவாக்கின் ராஜாங் ஆற்றுக்கு அடுத்து இதுதான் நீளமான ஆறு. அதன் கீழ்ப்பகுதியில் சுக்காவ், பிலிட் போன்ற ஆற்றோர ஊர்களில் தங்கிக்கொண்டு, விடியற்காலையிலும் சாயங்காலமும் படகில் போவார்கள். இதை ரிவர் க்ரூஸ் என்பார்கள், க்ரூஸ் என்றதும் மாடி வைத்த கப்பலை நினைத்துக்கொள்ள வேண்டாம். ஒரு வேனில் ஏறுகிற அளவு ஆட்கள் உட்காரும் சின்னப் படகு, பின்னால் ஒரு மோட்டார், பெரும்பாலான படகுகளில் தலைக்கு மேல் கூரை கிடையாது. வெயிலும் மழையும் நேராக நம் மேல்தான்.

போகும் வழி: திருச்சியிலிருந்து கோலாலம்பூர், அங்கிருந்து இன்னொரு விமானத்தில் சண்டக்கான், பிறகு ரோட்டில் இரண்டு இரண்டரை மணி நேரம். சபாவுக்கென்று தனிக் குடிநுழைவுச் சோதனை உண்டு, கோலாலம்பூரில் முத்திரை குத்தியிருந்தாலும் சண்டக்கானில் மறுபடியும் பாஸ்போர்ட்டைக் காட்ட வேண்டும். அதை மூட்டைக்குள் திணித்துவிடாமல் கையிலேயே வைத்திருங்கள். மலேசியாவுக்கான டிஜிட்டல் வருகை அட்டையை இறங்குவதற்கு முந்தைய மூன்று நாட்களுக்குள் இணையத்தில் நிரப்பிவிட வேண்டும், அதற்குக் கட்டணம் இல்லை.

எந்த மாதம் போவது என்பதில் நமக்கு ஒரு வசதி இருக்கிறது. நவம்பர் முதல் பிப்ரவரி வரை அங்கே பலத்த மழை, ஆறு கரை ஏறிவிடும். நம் கோத்தகிரி, குன்னூர் பக்கம் ஐப்பசியில் மண்சரிவை உண்டாக்கும் அதே வடகிழக்குப் பருவக்காற்றுதான் அங்கேயும் மழையைக் கொண்டுவருகிறது. ஏப்ரலிலிருந்து அக்டோபர் வரை மழை ஓரளவு குறைவு. மே மாதம் சீசன் நேரம், கடை, வண்டி, விடுதி வைத்திருக்கிற நம் ஊர்க்காரர்களால் அசைய முடியாது. எங்களுக்கு ஜூலை வசதியாக இருந்தது. சீசன் கூட்டம் ஓய்ந்திருக்கும், தயாராவதற்குக் கீழே மேட்டுப்பாளையத்தின் வெயில் காலமும் முன்னாலேயே கிடைத்துவிடும்.

இனி உடம்பு. இதைப் பற்றித்தான் நான் அதிகம் சொல்ல வேண்டும்.

சுக்காவில் பகலில் 32 டிகிரி வாக்கில் இருக்கும், ராத்திரி 23, 24க்குக் கீழே இறங்குவதே அபூர்வம். எண்ணைப் பார்த்தால் கோயம்புத்தூர் வெயில்கூட இதைவிட அதிகம் என்று தோன்றும். ஆனால் காற்றில் ஈரம் விடியற்காலையில் 90 சதவீதத்துக்கு மேல் நிற்கும். வியர்வை ஆவியாகப் போனால்தான் உடம்பு குளிரும். அங்கே அது ஆவியாகாமல் அப்படியே வழிந்துகொண்டிருக்கும். சட்டை நனையும், சூடு மட்டும் இறங்காது. ஊட்டி 2,240 மீட்டர் உயரம், கோத்தகிரி 1,800க்குக் கொஞ்சம் குறைவு. இந்த உயரத்தில் வருஷக்கணக்காக இருப்பவர்களுக்கு வியர்ப்பதே எப்போதாவதுதான். அந்த உடம்போடு நேராகப் போய் இறங்கினால் முதல் இரண்டு நாள் தலைவலியிலும் சோர்விலும் போய்விடும். சுற்றுலாத் திட்டமே பெரும்பாலும் மூன்று நாள்தான் இருக்கும்.

வெயிலுக்கு உடம்பு பழக ஒன்றிலிருந்து இரண்டு வாரம் ஆகும். தினமும் ஒரு மணி, ஒன்றரை மணி நேரம் சூட்டில் நடந்து நன்றாக வியர்க்க விட்டால், சில நாட்களிலேயே வியர்வை சீக்கிரம் வர ஆரம்பிக்கும், அதிகமாகவும் வரும், அதில் உப்பு குறைவாக இருக்கும். அதே நடைக்கு நெஞ்சு அவ்வளவு படபடக்காது. இது ராணுவ வீரர்களையும் சுரங்கத் தொழிலாளர்களையும் வைத்து நெடுங்காலமாகப் பார்த்து அறிந்த விஷயம். இதில் ஒரு சிக்கல், பழக்கத்தை விட்டால் சில வாரங்களில் அது கரைந்துபோகும். அதனால் ஏப்ரலில் பழகிவிட்டு மலையேறி வந்து ஜூலை வரை ஸ்வெட்டருக்குள் உட்கார்ந்திருந்தால் பிரயோஜனமில்லை.

என்னோடு வந்தவர்கள் அக்காவும் மாமாவும். மாமாவுக்கு அறுபது தாண்டிவிட்டது. இந்தத் திட்டத்தைச் சொன்னபோது, "ஏம்மா, நான் தெனமும் மார்க்கெட் வரைக்கும் நடக்கறவன், எனக்கெதுக்கு டிரெய்னிங்?" என்றார்.

"இங்க நடந்தா வேர்க்கறதே இல்லையே மாமா. அங்க உக்காந்திருந்தாலே வேர்க்கும்ங்க" என்றேன்.

அக்காதான் முடிவாகச் சொன்னாள். "அவ சொல்றபடி பர்லியாருக்குப் போய்ப் பாப்போம். பழமாவது வாங்கிட்டு வரலாம்."

பர்லியாரைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் உண்டு. குன்னூரிலிருந்து மேட்டுப்பாளையம் இறங்கும் வழியில் இருக்கும் அந்தச் சின்ன ஊரில் மங்குஸ்தானும் ரம்புட்டானும் துரியனும் காய்க்கின்றன. எல்லாமே மலேசியா, இந்தோனேசியா பக்கத்து மரங்கள். அந்தப் பக்கத்து மரத்துக்குப் பர்லியாரின் காற்று ஒத்துப்போகிறது என்றால், போர்னியோவின் புழுக்கத்துக்கு நம் மாவட்டத்தில் இதைவிடக் கிட்டத்தில் வேறு இடம் கிடையாது. மேட்டுப்பாளையத்தில் சூடு அதிகம், ஆனால் காற்று வறண்டது. பர்லியாரில் சூடு குறைவு, ஈரம் அதிகம். இரண்டையும் மாற்றி மாற்றிப் பழகினோம். பர்லியாரில் ரோட்டோரக் கடைகளும் வண்டிகளும் இருக்கிற உச்சிவேளையில்தான் நடந்தோம். பலாப்பழ நாட்களில் பர்லியார், குஞ்சப்பனை வளைவுகளில் யானை நிற்கும் என்பது நம் எல்லோருக்கும் தெரியும். பயிற்சிக்காக விடியற்காலையிலோ இருட்டும் நேரத்திலோ அங்கே யாரும் நடக்க வேண்டாம்.

கடைசிப் பத்துப் பன்னிரண்டு நாள் மேட்டுப்பாளையத்தில் அத்தை வீட்டிலேயே தங்கிவிட்டோம். மின்விசிறிதான், ஏசி இல்லை. காலையில் வெயில் ஏறிய பிறகு பவானி ஆற்றுப் பக்கமாக நடை. அங்கிருந்தே திருச்சிக்கு வண்டி ஏறினோம், மறுபடி மலைக்குப் போகவில்லை. கீழே சொந்தக்காரர் வீடு இல்லாதவர்கள் வேலைக்கு இடைஞ்சல் இல்லாமல் ஒரு வாரமாவது எங்கேயாவது தங்கப் பாருங்கள். அதுவும் முடியாதென்றால், வீட்டிலேயே குளித்து முடித்ததும் வெந்நீர் வாளியோடு குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு அரை மணி நேரம் மெதுவாகக் கைகால் அசைத்துக்கொண்டிருப்பதுகூட ஓரளவு உதவும். அப்படிச் செய்யும்போது வீட்டில் ஆள் இருக்கட்டும், கதவைத் தாழ்ப்பாள் போட வேண்டாம்.

ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறவர்கள் இதை ஆரம்பிக்கும் முன்பே டாக்டரைப் பாருங்கள். நீர் பிரியும் மாத்திரை கலந்திருந்தால், வியர்வையோடு சேர்ந்து உடம்பு சீக்கிரம் வறண்டுவிடும். மாமாவின் மாத்திரையை டாக்டர் பார்த்து, எந்த வேளையில் எடுப்பது, என்ன அறிகுறி வந்தால் நடையை நிறுத்துவது என்று எழுதியே கொடுத்தார். தண்ணீரைத் தாகம் எடுத்த பிறகு குடிப்பதென்று வைத்துக்கொள்ளக் கூடாது. மலையில் நமக்குத் தாகம் தெரியாமலே பழகிவிட்டது. உப்புப் போட்ட எலுமிச்சைச் சாறு, நீர்மோர் எல்லாம் பயிற்சிக் காலத்துக்குப் போதும். பயணத்துக்கு ஓஆர்எஸ் பொடி எடுத்துப் போங்கள். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி ஒரு லிட்டர் தண்ணீருக்கு 20.5 கிராம் பொடி. பெரிய பாக்கெட்டை ஒரு டம்ளரில் கரைத்துக் குடிப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். அப்படிக் குடித்தால் உப்பு மிகையாகிவிடும். பாக்கெட்டில் போட்டிருக்கிற அளவுத் தண்ணீரில் முழுதாகக் கரைக்க வேண்டும்.

அப்புறம் கண். காட்டுக்குள் நடந்து பார்ப்பதும் படகிலிருந்து பார்ப்பதும் வேறு வேறு. நாம் கோத்தகிரிப் பக்கத்து லாங்வுட் சோலைக்காட்டில் நின்று பறவை பார்க்கும்போது கால் தரையில் இருக்கிறது. படகில் நாமும் நகர்கிறோம், குரங்கும் நகர்கிறது, நடுவில் கிளைகள் ஓடிக்கொண்டிருக்கின்றன. அதனால்தான் பைனாகுலரில் 10 மடங்கு வாங்கலாமா 8 மடங்கு வாங்கலாமா என்று கேட்பவர்களுக்கு நான் தயங்காமல் 8 என்று சொல்வேன். 10 மடங்கில் நம் கை நடுக்கமும் பத்து மடங்காகும், பார்க்கும் பரப்பும் சுருங்கும். 8x42 வகையில் (8 மடங்கு, முன்கண்ணாடி 42 மில்லிமீட்டர்) கண்ணுக்கு வந்து சேரும் ஒளிவட்டம் ஐந்து மில்லிமீட்டருக்கு மேல். 8x25 போன்ற சட்டைப்பை அளவுப் பைனாகுலரில் அது மூன்று மில்லிமீட்டர்தான். அங்கே விலங்குகள் நன்றாகத் தெரியும் நேரம் காலை ஆறு மணியும் சாயங்காலம் ஆறு மணியும். வெளிச்சம் மங்கும் அந்த அரை மணி நேரத்தில் இந்த வித்தியாசம் பெரிதாகத் தெரியும். கண்ணாடி போட்டவர்கள் கண்வளையத்தை மடக்கி வைத்துக்கொண்டு முழு வட்டமும் தெரிகிறதா என்று கடையிலேயே பார்த்து வாங்குங்கள்.

லாங்வுட் சோலை 116 ஹெக்டேர்தான், 2024இல் ராம்சர் என்கிற சர்வதேச ஈரநிலப் பட்டியலில் சேர்ந்தது. உள்ளே பகலிலும் இருட்டுத்தான். மங்கிய வெளிச்சத்தில் தேடிப் பழக நல்ல இடம். முதலில் வெறும் கண்ணால் தேட வேண்டும். காற்றில்லாத நேரத்தில் ஒரே ஒரு கிளை மட்டும் ஆடினால் அங்கே ஏதோ இருக்கிறது. கண்ணை அதிலிருந்து எடுக்காமல், தலையை அசைக்காமல், பைனாகுலரைக் கண்ணுக்குக் கொண்டுவர வேண்டும். குனிந்து பைனாகுலரைப் பார்த்துவிட்டு நிமிர்ந்தால் கிளை தொலைந்துபோகும். இது ஒரு வாரம் தினமும் செய்தால் கைக்கு வந்துவிடும். படகுக்காகப் பைக்காரா படகு இல்லத்துக்குப் போய், மோட்டார் படகில் உட்கார்ந்து, கரையில் ஒரு மரத்தின் அடிப்பகுதியைக் குறிவைத்து இதையே செய்து பார்த்தோம். முழங்கை இரண்டையும் விலாவோடு ஒட்டிக்கொள்ள வேண்டும், படகின் விளிம்பில் ஊன்றக் கூடாது. ஊன்றினால் இன்ஜின் அதிர்வு நேராகக் கண்ணுக்கு ஏறிவிடும். காமிராக்காரர்களுக்கும் அதேதான். படகில் ட்ரைபாட் வேலைக்கு ஆகாது, ஷட்டர் வேகத்தை ஆயிரத்தில் ஒரு பங்குக்குக் குறையாமல் வைத்துக்கொண்டு கையில் பிடிப்பதே நல்லது.

எங்கே இருக்கிறது என்று பக்கத்தில் இருப்பவருக்குச் சொல்வதற்கும் பழக வேண்டும். "அதோ, அந்த மரத்துல" என்றால் ஆயிரம் மரம் இருக்கிறது. படகின் முனையைப் பன்னிரண்டு மணி என்று வைத்துக்கொண்டு, "ரெண்டு மணி, வெள்ளை அடிமரம், பாதி உயரம்" என்று சொல்லப் பழகினோம். தெப்பக்காட்டில் வனத்துறை வேனில் போகும்போதும் இப்படியே சொல்லிப் பார்த்தோம். பக்கத்து சீட்டில் இருந்த குழந்தைகள்கூடச் சட்டென்று பிடித்துக்கொண்டன.

துணி, அட்டைப்பூச்சி, பூஞ்சணம் என்ற இந்த மூன்றிலும் நீலகிரிக்காரர்களுக்குப் பாதிப் பாடம் ஏற்கெனவே தெரியும். ஆடி மாதத்தில் துவைத்த துணி ஒரு வாரமானாலும் காயாமல் நாற்றமெடுப்பது நமக்குப் புதிதா என்ன. அங்கே வருஷம் முழுவதும் அப்படித்தான், கணப்பு அடுப்பும் கிடையாது. அதனால் ஜீன்ஸும் கனமான பருத்திச் சட்டையும் வேண்டாம். சீக்கிரம் காயும் மெல்லிய செயற்கை இழைச் சட்டைகள், முழுக்கை, வெளிர் பச்சை அல்லது மண் நிறம். உள்ளாடையை மட்டும் கணக்குக்கு மேல் எடுத்துப் போங்கள். தொடை உரசல், வேர்க்குரு, சேற்றுப்புண், படர்தாமரை எல்லாம் ஈர உள்ளாடையிலும் ஈர சாக்ஸிலும்தான் ஆரம்பிக்கும். ராத்திரி குளித்துவிட்டு விரல் இடுக்கைத் துடைத்து பவுடர் போட்டு, வெறுங்காலோடு விசிறிக்கு நீட்டி உட்கார்ந்தாலே பாதி நோய் வராது. ரெயின்கோட் அவசியம். குடை படகில் எல்லோருக்கும் தொந்தரவு. ஸ்வெட்டர் ஒன்று விமானத்துக்கு, அவ்வளவுதான்.

அட்டைக்குத் தோட்டத்தில் சோப்பு, மூக்குப்பொடி, சுண்ணாம்பு என்று நமக்கு ஆயிரம் வைத்தியம் தெரியும். கூடலூர் பக்கம் நடந்தவர்கள் முழங்கால் வரை வரும் அட்டை சாக்ஸைப் பார்த்திருப்பீர்கள். நெருக்கமாக நெய்த துணியில் தைத்தது, அதையே எடுத்துப் போகலாம். ஆனால் போர்னியோவில் தரையில் ஊரும் பழுப்பு அட்டையோடு, புலி அட்டை என்று இன்னொன்றும் இருக்கிறது. உடம்பில் மஞ்சள் கோடு ஓடும். அது செடிகளின் இலை மேல், நம் இடுப்பு உயரத்திலும் தோள் உயரத்திலும் நீட்டிக்கொண்டு நிற்கும், கடித்தால் சுருக்கென்று வலிக்கவும் செய்யும். சாக்ஸ் மட்டும் போட்டுக்கொண்டு தைரியமாக நடந்த அக்காவின் காலர் மடிப்பிலிருந்து ஒன்றை எடுத்தோம். படகைவிட்டு இறங்கிக் காட்டுக்குள் நடக்கும்போது சட்டையைப் பேண்டுக்குள் செருகி, கழுத்தில் ஒரு மெல்லிய துண்டு சுற்றிக்கொள்ளுங்கள். படகிலேயே இருப்பவர்களுக்கு அட்டைத் தொல்லை அநேகமாக இல்லை.

பூஞ்சணத்துக்கு வருவோம். மேகம் வீட்டுக்குள் வந்துபோகிற ஊரில் காமிரா லென்சுக்குள் சிலந்தி வலை மாதிரி பூஞ்சணம் படர்ந்து அழுதவர்களை எனக்குத் தெரியும். இறுக்கமாக மூடும் பிளாஸ்டிக் டப்பா, உள்ளே சிலிக்கா ஜெல் என்பது வீட்டில் ஏற்கெனவே இருக்கிற ஏற்பாடு, அதைச் சின்ன அளவில் பயணத்துக்கும் கொண்டுபோனோம். ஆரஞ்சு நிற மணிகளாகப் பார்த்து வாங்குங்கள். ஈரம் ஏறினால் பச்சையாகும், பழைய தகரத் தட்டில் போட்டு மிதமான தீயில் வறுத்தால் மறுபடி ஆரஞ்சாகும். சமையல் பாத்திரத்தில் வறுக்க வேண்டாம்.

அங்கே வேறு ஒரு தொல்லையும் உண்டு, அது நம் அனுபவத்துக்கு நேர்மாறானது. மலையில் குளிர்ந்த வெளியிலிருந்து சூடான வீட்டுக்குள் வந்தால் கண்ணாடி மங்கும். அங்கே ஏசி அறையிலிருந்து வெளியே வந்தால் மங்கும். வெளியே 27 டிகிரி, ஈரம் 90 சதவீதம் என்றால், ஏறக்குறைய 25 டிகிரிக்குக் கீழே குளிர்ந்திருக்கும் எந்தப் பொருள் மேலும் நீர் கோத்துக்கொள்ளும். ராத்திரி முழுவதும் 20 டிகிரி அறையில் இருந்த பைனாகுலரைக் காலை படகில் எடுத்தால், முன்கண்ணாடியில் முதலில் ஒரு வெண்மை பரவும். துடைத்ததும் தெளியும், எண்ணி ஐந்து விநாடிக்குள் ஓரத்திலிருந்து மறுபடி மூடும். துடைக்கத் துடைக்க மூடும். பொருள் முழுவதும் சூடேறினால்தான் நிற்கும், அதற்கு இருபது முப்பது நிமிடம் ஆகும். அந்த நேரத்தில்தான் இருவாச்சிப் பறவைகள் ஆற்றைக் கடந்து இரைதேடப் போகும். எங்கள் படகில் இருந்த ஒரு வெளிநாட்டுத் தம்பதிக்கு முதல் காலை அப்படியே போனது, பார்க்கவே கஷ்டமாக இருந்தது. நாங்கள் பைனாகுலரையும் காமிராவையும் ஜிப் வைத்த பையில் காற்றுப் போகாமல் மூடி, ஏசி இல்லாத குளியலறையில் வைத்திருந்தோம். விடிகாலையில் எழுந்ததும் பையோடு திண்ணையில் வைத்து, படகேறிய பிறகுதான் ஜிப்பைத் திறந்தோம். மங்கவே இல்லை.

கொசுவுக்கு டீட் கலந்த பூச்சு நன்றாக வேலை செய்யும், 20 முதல் 30 சதவீதம் இருந்தால் போதும். அது பிளாஸ்டிக்கையும் ரப்பரையும் அரிக்கும். பூசிய கையைத் துடைத்துவிட்டுத்தான் பைனாகுலரைத் தொட வேண்டும், உள்ளங்கையில் பூசவே வேண்டாம். சபாவில் குரங்குகளிடமிருந்து கொசு வழியாக மனிதருக்கு வரும் நோலேசி மலேரியா இருக்கிறது. டெங்குவும் உண்டு. ஆற்று நீர் புண்ணில் பட்டால் எலிக்காய்ச்சல் வரலாம். தடுப்பு மாத்திரை வேண்டுமா வேண்டாமா என்பதைக் கிளம்புவதற்கு நான்கு வாரம் முன்பே டாக்டரிடம் கேட்டு முடிவு செய்யுங்கள், கடையில் நீங்களாக வாங்க வேண்டாம். நம் கொண்டை ஊசி வளைவுகளுக்குப் போடும் வாந்தி மாத்திரை ஆற்றுக்குத் தேவையில்லை, நீர் அசைவில்லாமல்தான் ஓடுகிறது. அதைப் போட்டுத் தூங்கி வழிந்தால் எதையும் பார்க்க முடியாது.

விடுதி பிடிக்கும்போது நாங்கள் கேட்ட கேள்விகள் இவை. ஒரு படகில் எத்தனை பேர்? மோட்டாரை நிறுத்திவிட்டு மின் மோட்டாரிலோ துடுப்பிலோ கிட்டே போவீர்களா? லைஃப் ஜாக்கெட் எல்லோருக்கும் உண்டா? படகோட்டியும் வழிகாட்டியும் அந்த ஊர்க்காரர்களா? கடைசிக் கேள்வி எனக்கு முக்கியமாகப் பட்டது. ஆற்றோரத்தில் பிறந்து வளர்ந்தவர்களின் கண் வேறு. சைவம் சாப்பிடுகிறவர்கள் அதையும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், முட்டையும் மீனும் இல்லாமல் என்று தெளிவாக. அங்கே மூன்று முள் சதுரப் பிளக், நம் சார்ஜர் சொருகாது. அதற்கான அடாப்டர் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள்.

சுக்காவுக்குப் பக்கத்தில் மெனங்குல் என்ற கிளையாறு வந்து சேர்கிறது. இரண்டு கரை மரங்களும் கிட்டத்தட்ட தொட்டுக்கொள்ளும் குறுகல். சாயங்காலம் அதற்குள் போனால் நீள்மூக்குக் குரங்குகள், போர்னியோவைத் தவிர உலகில் வேறெங்கும் இல்லாதவை. பகலெல்லாம் காட்டுக்குள் இலை தின்றுவிட்டு, தூங்குவதற்கு ஆற்றோர மரங்களுக்கு வந்துவிடும். படகிலிருந்து இவற்றைப் பார்க்க முடிவதே இந்தப் பழக்கத்தால்தான். பெரிய ஆண் ஒன்று எங்களுக்கு நேர்மேலே கிளைக்கவட்டில் உட்கார்ந்திருந்தது. மூக்கு வாய்க்குக் கீழே தொங்கியது. இலையை வாயில் போடும்போது மூக்கைக் கையால் ஒதுக்கிவிட்டுப் போட்டது. வயிறு பானை அளவு. நம் கருமந்தியைப் போலவே இலையை வயிற்றில் நொதிக்க வைத்துச் செரிக்கும் இனம் அது. பெண்களும் குட்டிகளும் ஒவ்வொன்றாக எதிர்க்கரைக்குத் தாவின. ஒரு குட்டி கிளை நுனி வரை வந்து, கீழே தண்ணீரைப் பார்த்து, திரும்பிப் போய், மறுபடி வந்து நின்றது. படகோட்டி மோட்டாரை நிறுத்திவிட்டுப் படகைப் பின்னால் நகர்த்தினார். நாங்கள் தள்ளிப் போன பிறகுதான் அது தாவியது.

படகில் கையைத் தண்ணீரில் விடாதீர்கள். மாயாற்று முதலையைப் பார்த்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, ஆனால் அங்கே இருப்பது உப்புநீர் முதலை, இன்னும் பெரியது. எழுந்து நிற்காதீர்கள். ஃபிளாஷ் வேண்டாம். யானையைக் கண்டதும் கத்தக் கூடாது என்று நம் ஊர்க் குழந்தைக்குக்கூடத் தெரியும், அங்கே அதை நினைவூட்ட வேண்டியிருந்தது. ஆற்றோரப் புல்லில் போர்னியோ யானைக் கூட்டம் ஒன்று மேய்ந்துகொண்டிருந்தபோது படகுகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து நெருங்கின. சீகூர் ரோட்டில் வண்டிகள் நின்று வழியை அடைப்பதைப் பார்த்து மனம் நொந்திருக்கிறேன், அதே காட்சி. எங்கள் படகைப் பின்னால் எடுக்கச் சொன்னோம். அவர் சந்தோஷமாகவே எடுத்தார். யாராவது ஒரு பயணி சொன்னால் போதும் என்று பல படகோட்டிகள் காத்திருக்கிறார்கள் என்று எனக்குத் தோன்றியது.

இந்த யானைகள் மொத்தம் ஆயிரம் வாக்கில்தான் மிஞ்சியிருக்கின்றன. 2024இல் சர்வதேச இயற்கைப் பாதுகாப்புச் சங்கம் அருகிவரும் இனமாகத் தனியே பட்டியலிட்டது. போர்னியோவின் எட்டு இருவாச்சி வகைகளும் இந்த ஒரே ஆற்றோரத்தில் இருக்கின்றன. இவ்வளவு விலங்குகளை இவ்வளவு சுலபமாகப் பார்க்க முடிவதற்குக் காரணம் வருத்தமானது. 2005இல் சரணாலயமாக்கிய காடு ஆற்றை ஒட்டித் துண்டு துண்டாக நிற்கிறது. பல இடங்களில் அதற்குப் பின்னால் கண்ணுக்கெட்டிய தூரம் எண்ணெய்ப்பனை. போக இடமில்லாமல் எல்லாம் கரைக்கு வந்து நெருங்கியிருக்கின்றன. சண்டக்கானிலிருந்து வரும்போது ரோட்டின் இருபுறமும் பனைத்தோட்டத்தைப் பார்த்துவிட்டு அக்கா, "நம்ம தேயிலையும் இப்படித்தானே வந்துச்சு" என்றாள். சோலைகளுக்கு நடுவே தேயிலை, யானைகளின் வழியில் விடுதிகள் என்று பார்த்துப் பழகிய நமக்கு அந்த ஆற்றோரம் அந்நியமாகத் தெரியாது. அதனால்தான் நம் மலைக்காரர்கள் நிறையப் பேர் போய்ப் பார்க்க வேண்டும் என்று ஆசைப்படுகிறேன்.

சண்டக்கான் பக்கத்தில் செப்பிலோக்கில் 1964இலிருந்து நடக்கும் ஒராங்குட்டான் மறுவாழ்வு மையம் இருக்கிறது. ஆற்றுக்குப் போகும் வழியிலேயே பார்த்துவிடலாம். உள்ளே பை கொண்டுபோக முடியாது. ஆற்றில் காட்டு ஒராங்குட்டான் கண்ணில் பட்டால் அதிர்ஷ்டம்தான், ஆனால் கூடுகள் தெரியும். ஒவ்வொரு சாயங்காலமும் புதிதாகக் கிளை மடித்துக் கூடு கட்டித் தூங்கும். பச்சையாக இருந்தால் சமீபத்தில் கட்டியது, பழுப்பாகிவிட்டால் பழையது. பச்சைக் கூட்டைக் கண்டால் அந்தப் பக்கத்துப் பழமரங்களைப் பொறுமையாகப் பாருங்கள்.

திரும்பி வந்ததும் பைனாகுலர், காமிரா, பை எல்லாவற்றையும் ஒரு நாள் மேட்டுப்பாளைய வெயில் படும் திண்ணையில் காற்றாட வைத்துவிட்டு மலையேற்றுங்கள். ஈரத்தோடு நம் வீட்டு அலமாரிக்குள் போனால் பூஞ்சணத்துக்கு அதைவிட வசதி வேறில்லை. அடுத்த சில வாரங்களில் காய்ச்சல் வந்தால், சளிக்காய்ச்சல் என்று வீட்டிலேயே மாத்திரை போட்டுக்கொண்டு இருக்காதீர்கள். டாக்டரிடம் "சபாவில் ஆற்றோரம் இருந்துவிட்டு வந்தேன்" என்று முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள். நோலேசி மலேரியாவை நுண்ணோக்கியில் பார்த்தால் சாதுவான இன்னொரு மலேரியா வகை மாதிரியே தெரியும், ஆனால் இது வேகமாக முற்றக்கூடியது. எங்கே போய் வந்தீர்கள் என்று தெரிந்தால்தான் அவர் அந்தக் கோணத்தில் தேடுவார். போய்வந்த தேதியையும் ஊர்ப் பெயரையும் ஒரு சீட்டில் எழுதி மருந்து டப்பாவில் போட்டு வையுங்கள்.